நடக்கும் சுண்டெலியின் காலடியும் சிறுமூளையின் ஸ்பைக்கும்: இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்தில் வரையும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். கீழ் அச்சில் ஒரு காலடிச் சுழற்சி, பக்க அச்சில் செல் விநாடிக்கு எத்தனை முறை சுடுகிறது, அதாவது எத்தனை ஸ்பைக் (சிறு மின்துடிப்பு) விடுகிறது என்ற கணக்கு. நடுவில் அழகாக ஒரு மேடு எழும். "அக்கா, இந்த செல்தான் காலைத் தூக்குது, பாருங்க" என்று ஓடி வருவார்கள்.

மேடு வருவது பெரிய விஷயமே இல்லை. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவரின் கையும் மிருதங்கத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். அதனால் வாசிப்பது அவர்தான் என்று யாரும் சொல்வதில்லை. விலங்கு நடக்கும்போது நரம்பு மண்டலத்தில் ஏராளமான செல்கள் அந்த ரசிகரைப் போலத் தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கும். நம் செல் எதற்குத் தாளம் போடுகிறது என்று பிரித்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. அதற்குப் படிகளின் வரிசை முக்கியம்.

இங்கே எடுத்துக்காட்டு, தலை அசையாமல் பொருத்தப்பட்டு டிரெட்மில்லில் நடக்கும் சுண்டெலியும், அதன் சிறுமூளையில் உள்ள பர்க்கின்ஜி செல் என்ற பெரிய நரம்புச் செல்லும். தண்ணீர் நக்குவது, மீசையை ஆட்டுவது போன்ற மற்ற தாள அசைவுகளுக்கும் இதே வரிசை செல்லும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மின்பதிவு விநாடிக்கு 30,000 மாதிரிகள் என்ற வேகத்தில் இருக்கட்டும். நியூரோபிக்சல்ஸ் போன்ற எலக்ட்ரோடுகள் இந்த அளவில்தான் பதிகின்றன.

கேமரா விநாடிக்கு 200 ஃபிரேமுக்குக் குறையக் கூடாது. சுண்டெலியின் ஒரு காலடிச் சுழற்சி சாதாரண நடையில் கால் விநாடி, அதாவது சுமார் 250 மில்லிவிநாடி. விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு சுழற்சிக்கு ஏழெட்டுப் படங்கள்தான் கிடைக்கும். பாதம் தரையைத் தொட்டது எப்போது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

நடக்கும் நேரம் மட்டும் போதாது, சும்மா நிற்கும் நேரமும் பதிவில் வேண்டும். வேகமும் கூடக்குறைய மாற வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் மோட்டார் டிரெட்மில் மட்டும் இருந்தால் 8-ஆம் படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

மூச்சையும் மீசையையும் பதிய வழியிருந்தால் முதல் நாளே பதிந்துவிடுங்கள். பிறகு வேண்டும் என்றால் விலங்கைத் திரும்பக் கூப்பிட முடியாது.

செல்லைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, பர்க்கின்ஜி செல் இரண்டு விதமாகச் சுடும். சிம்பிள் ஸ்பைக் விநாடிக்குப் பல பத்துகளில் வரும், விலங்கு நடக்கும்போது சில சமயம் நூறையும் தாண்டும். காம்ப்ளெக்ஸ் ஸ்பைக் விநாடிக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். முதலாவதை, சிறுமூளைக்குச் செய்தி கொண்டுவரும் மாஸி இழைகளும் அதை வாங்கிக் கடத்தும் கிரானூல் செல்களும் கூட்டிக் குறைக்கின்றன. இரண்டாவது, மூளைத்தண்டில் உள்ள இன்ஃபீரியர் ஆலிவிலிருந்து வந்து செல்லைச் சுற்றிப் படரும் ஒற்றை ஏறு இழையால் வருகிறது. அடுத்த விஷயம், பர்க்கின்ஜி செல் தான் தொடும் செல்லை அடக்கும் செல். அது அதிகம் சுட்டால் அடுத்த நிலையான சிறுமூளை உட்கரு செல்கள் அடங்கும். மேட்டைப் பார்த்ததும் "இங்கே கட்டளை கூடுகிறது" என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"சிறுமூளை நடையின் தாளத்தை உண்டாக்குகிறதா?" என்று தொடங்காதீர்கள். அந்தத் தாளத்தைத் தண்டுவடத்தின் சுற்றுகள் தாமாகவே உண்டாக்கும். சிறுமூளை பழுதான விலங்கும் நடக்கும். காலடி ஒன்று நீளும், ஒன்று குறுகும், கால்களுக்கு இடையிலான ஒத்திசைவு கெடும், அவ்வளவுதான்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்தச் செல்லின் சுடும் வேகம் பாதத்தின் இடத்தைப் பின்தொடர்கிறதா, பாதத்தின் வேகத்தையா, தரையைத் தொடும் தருணத்தையா, அல்லது தண்டுவடத்திலிருந்து வரும் தாளத்தின் நகலையா?

கடைசியாகச் சொன்னது கற்பனை இல்லை. பூனைகளில் காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளைத் துண்டித்த பிறகும், தண்டுவடத்திலிருந்து சிறுமூளைக்கு ஏறும் முன்புறப் பாதையில் நடையின் தாளம் தொடர்வதைக் காட்டியிருக்கிறார்கள். எனவே செல்லில் தாளம் தெரிவதால் மட்டும் அது காலின் உணர்வைத்தான் பெறுகிறது என்று ஆகிவிடாது.

எந்தக் கால் என்பதையும் இப்போதே எழுதுங்கள். சிறுமூளை தன் பக்கத்து உடம்போடு இணைந்தது. வலது சிறுமூளையில் எலக்ட்ரோடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது வலது கால். பெருமூளையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பழக்கத்தில் எதிர்ப்பக்கக் காலை எடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. இரண்டு கடிகாரங்களையும் ஒன்றாக்குங்கள்

கேமராவுக்கு ஒரு கடிகாரம், மின்பதிவுக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் பத்து லட்சத்தில் 50 பங்கு மட்டுமே வேறுபட்டாலும் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி விலகிவிடும். அது முக்கால் காலடி.

பதிவு தொடங்கும்போது ஒரே ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு "சிங்க் பண்ணியாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒரு துடிப்பை அனுப்பி, அது மின்பதிவில் விழ வேண்டும். பதிவு முடிந்ததும் துடிப்புகளையும் வீடியோ ஃபிரேம்களையும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் சமமாக இருக்க வேண்டும்.

சமமாக இல்லை என்றால் ஃபிரேம் எங்கோ விடுபட்டிருக்கிறது. விநாடிக்கு 250 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் 30 ஃபிரேம் போனால் 120 மில்லிவிநாடி போச்சு. 250 மில்லிவிநாடி சுழற்சியில் அது கிட்டத்தட்ட பாதி, அதாவது காலை ஊன்றும்போது சுடும் செல் காலை வீசும்போது சுடுவதாகத் தெரியும். மேடு அழகாகவே இருக்கும், இடம்தான் தப்பு. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கவே முடியாத பிழை என்பதால்தான் இதை இத்தனை முன்னால் வைத்திருக்கிறேன்.

3. காலடியை வெட்டுங்கள்

டீப்லேப்கட் போன்ற மென்பொருள் பாதத்தின் இடத்தை ஃபிரேம்தோறும் கொடுக்கும். அதிலிருந்து இரண்டு தருணங்கள் வேண்டும்: பாதம் தரையைத் தொடும் தருணம், தரையை விட்டு எழும் தருணம். தொடுவதிலிருந்து எழுவது வரை ஊன்றல், எழுவதிலிருந்து அடுத்த தொடுகை வரை வீச்சு.

மென்பொருள் கொடுத்த தருணங்களை அப்படியே நம்பாதீர்கள். ஏதாவது 50 காலடிகளை எடுத்து, வீடியோவைக் கண்ணால் பார்த்துக் கையால் குறித்து ஒப்பிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். சலிப்பாக இருக்கும், செய்யுங்கள்.

சுண்டெலி நின்று முகத்தைத் துடைக்கும்போதும் பாதம் தாளமாக மேலும் கீழும் போகும். அதைக் காலடியாக எண்ணிவிடாமல் இருக்க, பெல்ட் நகரும் நேரத்தை மட்டும் எடுங்கள்.

4. செல் யார் என்று உறுதி செய்யுங்கள்

எந்த ஸ்பைக் எந்தச் செல்லுடையது என்று மென்பொருள் பிரித்துக் கொடுத்த ஒரு தொகுதி விநாடிக்கு 70 முறை சுடுகிறது என்பதற்காக அது பர்க்கின்ஜி செல் ஆகிவிடாது. சான்று இதுதான்: அதே இடத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்பைக் தெரிய வேண்டும். ஒவ்வொரு காம்ப்ளெக்ஸ் ஸ்பைக்குக்குப் பிறகும் குறைந்தது 10 மில்லிவிநாடி அளவுக்கு சிம்பிள் ஸ்பைக் நின்றுபோக வேண்டும்.

மென்பொருள் பெரும்பாலும் ஒரே செல்லின் இரண்டு ஸ்பைக்குகளையும் இரண்டு தனிச் செல்களாகப் பிரித்துவிடும். காம்ப்ளெக்ஸ் ஸ்பைக் வரும் நேரத்தைப் பூஜ்யமாக வைத்து, அதைச் சுற்றி சிம்பிள் ஸ்பைக் எப்போதெல்லாம் வருகிறது என்று வரையுங்கள். பூஜ்யத்துக்கு வலப்பக்கம் சுத்தமான பள்ளம் விழுந்தால் இரண்டும் ஒரே செல். பள்ளத்துக்குள் அங்கங்கே ஸ்பைக் சிதறிக் கிடந்தால் பக்கத்துச் செல்லும் கலந்திருக்கிறது. கலப்படத்தை இங்கேயே தள்ளிவிடுங்கள். "பரவாயில்லை, சராசரியில் சரியாகிவிடும்" என்று வைத்துக்கொண்டால் கடைசியில் இரண்டு செல்களின் மேட்டைச் சேர்த்து ஒரு செல்லுக்கு இரட்டை மேடு என்று எழுத வேண்டிவரும்.

5. ஸ்பைக்கின் உயரத்தைக் காலடியோடு வரைந்து பாருங்கள்

பல பட்டியல்களில் இந்தப் படியே இருக்காது. நான் இதைப் பட்டுத்தான் கற்றேன்.

என்னிடம் ஒரு செல் இருந்தது. காலை ஊன்றும்போது விநாடிக்கு 90, வீசும்போது 40. அவ்வளவு கூர்மையான பள்ளத்தை அதுவரை பார்த்ததே இல்லை. குழுக் கூட்டத்தில் காட்டி, எல்லோரும் தலையாட்டி, மூன்று வாரம் அதன் மேல் கணக்குப் போட்டேன். ஒருநாள் வேறு எதற்கோ அந்தப் பதிவை விரித்து, மின்கோட்டை நேராகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். வீச்சு நேரத்தில் ஸ்பைக்குகள் காணாமல் போகவில்லை, அங்கேயேதான் இருந்தன. உயரம்தான் குறைந்திருந்தது, பல ஸ்பைக்குகள், ஸ்பைக் என்று எண்ணுவதற்கு வைத்த எல்லைக் கோட்டுக்குக் கீழே இறங்கி எண்ணிக்கையிலிருந்து விடுபட்டிருந்தன.

காரணம் எளிது. விலங்கு அடி வைக்கும்போதெல்லாம் மூளை மண்டைக்குள் கொஞ்சம் அசைகிறது, எலக்ட்ரோடு அசைவதில்லை. செல் எலக்ட்ரோடிலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் ஸ்பைக்கின் உயரம் குறைகிறது. அந்த அசைவும் காலடியின் தாளத்தில்தான் இருக்கிறது. செல் சீராகவே சுட்டுக்கொண்டிருந்தாலும் நம் கணக்கில் அது தாளத்தோடு ஏறி இறங்கும்.

சோதிக்கும் முறை: ஒவ்வொரு ஸ்பைக்கும் சுழற்சியில் எங்கே விழுந்தது என்பதைக் கீழ் அச்சில் வையுங்கள், அதன் உயரத்தைப் பக்க அச்சில் வையுங்கள். புள்ளிகளின் கூட்டம் முழுவதும் எல்லைக் கோட்டுக்கு நன்றாக மேலே இருந்தால் சரி. ஏதோ ஓரிடத்தில் கூட்டத்தின் அடிப்பகுதி கத்தரியால் வெட்டியதுபோல் எல்லைக் கோட்டில் தட்டையாக நின்றால், அங்கே ஸ்பைக் தொலைகிறது. நிற்கும் நேரத்து உயரங்களையும் பக்கத்தில் வரைந்து ஒப்பிடுங்கள்.

தொலைகிறது என்று தெரிந்தால், அசைவைத் திருத்தும் மென்பொருளை ஓட்டி மீண்டும் பிரித்துப் பார்க்கலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் செல்லை விட்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு விடுவதைவிட இப்போது விடுவது வலி குறைவு.

6. நிற்கும்போது எப்படிச் சுடுகிறது என்று முதலில் பாருங்கள்

நடையில் என்ன மாறியது என்று சொல்ல நடை இல்லாதபோது என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். பர்க்கின்ஜி செல் உள்ளீடே இல்லாவிட்டாலும் தானாகச் சுடும் செல். அடிமட்டம் பூஜ்யம் இல்லை.

சராசரி வேகத்தோடு ஒழுங்கையும் கணக்கிடுங்கள். இதற்கு, ஸ்பைக்குகளுக்கு நடுவே வரும் அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளை ஒப்பிடும் சிவி2 என்ற அளவு நல்லது. இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 10 மில்லிவிநாடியும் 14 மில்லிவிநாடியும் என்றால் 8-ஐ 24-ஆல் வகுக்க, 0.33. எல்லா ஜோடிகளுக்கும் செய்து சராசரி எடுங்கள்.

எல்லா இடைவெளிகளின் சிதறலையும் சராசரியால் வகுக்கும் வழக்கமான மாறுபாட்டுக் கெழு ஏன் கூடாது? செல்லின் வேகம் காலடியோடு மெதுவாக ஏறி இறங்கினாலே அது பெரிதாகிவிடும். பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளை மட்டும் பார்ப்பதால் சிவி2 அந்த ஏற்ற இறக்கத்தில் அவ்வளவாக ஏமாறாது. நடை தள்ளாடும் சில மரபணு மாற்றச் சுண்டெலிகளில் பர்க்கின்ஜி செல் சுடும் ஒழுங்கே குலைந்திருப்பதை 2006-இல் காட்டினார்கள். சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது பிடிபடாது.

7. நேரத்தைக் கட்டமாக மாற்றி வரையுங்கள்

ஒவ்வொரு காலடியும் வேறு வேறு நீளம். அதனால் ஒவ்வொன்றையும் 0 முதல் 360 பாகை வரை நீட்டியோ சுருக்கியோ ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டும். சுழற்சியில் எந்த இடம் என்று சொல்லும் இந்தப் பாகைதான் கட்டம். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு.

விலங்கு வேகம் கூட்டும்போது ஊன்றல்தான் பெரிதும் குறுகும், வீச்சு அவ்வளவாக மாறாது. தொடுகையிலிருந்து அடுத்த தொடுகை வரை ஒரே சீராக நீட்டினால், மெதுவான நடையில் 220 பாகையில் எழும் பாதம் வேகமான நடையில் 180 பாகையில் எழும். இரண்டையும் அடுக்கினால் ஊன்றல் நேரத்து ஸ்பைக்கும் வீச்சு நேரத்து ஸ்பைக்கும் கலந்து மேடு மழுங்கும். ஊன்றலைத் தனியாக 0 முதல் 180 வரையும், வீச்சைத் தனியாக 180 முதல் 360 வரையும் நீட்டுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த ஸ்பைக்குகளின் எண்ணிக்கையை வரையாதீர்கள். அந்தக் கட்டத்தில் விலங்கு எத்தனை விநாடி இருந்ததோ அதனால் வகுத்து வரையுங்கள். ஊன்றல் நீளமானது. அதிக நேரம் இருக்கும் இடத்தில் அதிக ஸ்பைக் விழத்தான் செய்யும்.

மேடு நிஜமா என்று பார்க்க, ஸ்பைக்குகள் வட்டத்தில் ஓரிடத்தில் குவிகின்றனவா என்று சோதிக்கும் ரேலி சோதனையை ஓட்டிவிட்டு பி மதிப்பை (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பை) கொண்டு வருவார்கள். 10 நிமிட நடையில் விநாடிக்கு 70 என்றால் 42,000 ஸ்பைக். குவிதலை அளக்கும் சராசரித் திசையனின் நீளம் (எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் 1, சீராகப் பரவினால் 0) வெறும் 0.01 இருந்தாலே பி மதிப்பு 0.015 என்று வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத மேடு அது. தவிர, அடுத்தடுத்த ஸ்பைக்குகள் ஒன்றையொன்று சாராதவை என்று அந்தச் சோதனை எடுத்துக்கொள்கிறது, ஒழுங்காகச் சுடும் செல்லில் அது பொய். அதற்குப் பதில், ஸ்பைக் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு காலடியைவிடச் சில விநாடிகள் முன்னும் பின்னுமாக நகர்த்தி, நகர்த்தும் அளவை மாற்றி மாற்றி 1,000 முறை மேட்டைக் கணக்கிடுங்கள். உங்கள் மேடு அந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேட்டின் உயரத்தையும் விநாடிக்கு இத்தனை ஸ்பைக் என்று சேர்த்தே எழுதுங்கள்.

8. வேகத்தை மாற்றித் தாமதத்தைக் கண்டுபிடியுங்கள்

தாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. பாதம் தொடுவதற்கு 60 பாகை முன்னால் மேடு வருகிறது என்றால், அடுத்த தொடுகைக்கு முந்திக்கொண்டு வருகிறதா, போன தொடுகைக்கு 300 பாகை பிந்தி வருகிறதா? வட்டத்தில் முன்னும் பின்னும் ஒன்றுதான். ஒரே வேகத்தில் எடுத்த பதிவில் இதற்கு விடை கிடைக்காது.

வேகம் மாறினால் கிடைக்கும். செல் தொடுகைக்குப் பிறகு 40 மில்லிவிநாடி கழித்துச் சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2 காலடி என்றால் அது 29 பாகை. விநாடிக்கு 4 காலடி என்றால் 58 பாகை. மேடு வேகத்தோடு பின்னால் நகர்ந்தால் அது நிலையான தாமதம், உணர்விலிருந்து வரும் எதிரொலி என்று சந்தேகப்படலாம். முன்னால் நகர்ந்தால் செல் முந்திக்கொள்கிறது. நகரவே இல்லை என்றால் செல் சுழற்சியின் கட்டத்தையே பின்தொடர்கிறது.

இந்தக் கணக்குக்கு மட்டும் முந்தைய படியில் சொன்ன இரட்டை நீட்டலை விட்டுவிட்டு, தொடுகையிலிருந்து நேராக மில்லிவிநாடியில் அளந்து தொடங்குங்கள். நீட்டிய கட்டத்தில் தாமதம் தேடினால், நீட்டலே தாமதம்போல் வேடம் போடும்.

இன்னொரு நல்ல இடம், நின்ற விலங்கு வைக்கும் முதல் அடி. அதற்கு முன் தாளமே இல்லை, எனவே செல் அசைவுக்கு முன்பு மாறுகிறதா பின்பு மாறுகிறதா என்று நேரடியாகத் தெரியும்.

9. மற்ற கால்களையும் மூச்சையும் மீசையையும் விலக்குங்கள்

நான்கு கால்களும் ஒன்றோடொன்று பூட்டிய தாளத்தில் நகர்கின்றன. வலது முன்னங்காலோடு பொருந்தும் செல் இடது பின்னங்காலோடும் பொருந்தும், படத்தை வைத்து இதுதான் என்று சொல்ல முடியாது. கால்களுக்கு இடையிலான உறவு கொஞ்சம் தடுமாறும் காலடிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். அந்தக் காலடிகளில் செல் யாரோடு போகிறது என்று பாருங்கள். திருப்பம், தயக்கம், வேகம் கூடும் தருணம், இவை பொன்னான காலடிகள். சீராக இல்லை என்று இவற்றைத் தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம்.

கால்கள், மூச்சு, மீசை எல்லாவற்றையும் ஒரே கணித மாதிரிக்குள் சேர்த்துப் போட்டு எது அதிகம் விளக்குகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. போடுங்கள். ஆனால் அந்தத் தடுமாற்றம் தரவில் இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் பூட்டிய கால்களைப் பிரித்துக் கொடுக்காது.

மூச்சு விஷயத்தில் சுண்டெலி நமக்கு உதவி செய்கிறது. ஓடும் சுண்டெலியின் மூச்சு காலடியோடு பூட்டிக்கொள்வதில்லை என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. எனவே மூச்சுக்கும் காலடிக்கும் தனித்தனியாக மேடு வரைந்தால் இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும். மீசைக்கும் ஒரு படம் வரையுங்கள். மீசையின் இடத்தை நேர்கோடுபோல் பின்தொடரும் பர்க்கின்ஜி செல்கள் உண்டு, நீங்கள் பதியும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவை இருக்கலாம்.

10. காம்ப்ளெக்ஸ் ஸ்பைக்கைத் தனியாக, பொறுமையாகப் பாருங்கள்

விநாடிக்கு ஒரு காம்ப்ளெக்ஸ் ஸ்பைக், விநாடிக்கு நான்கு காலடி. நான்கு காலடிக்கு ஒன்றுதான் கிடைக்கும். 30 ஸ்பைக்கை வைத்துக்கொண்டு மேடு வரையாதீர்கள். எந்தத் தொடர்பும் இல்லாத 30 புள்ளிகளை வட்டத்தில் தூவினாலே சராசரித் திசையனின் நீளம் 0.16 அளவுக்கு வரும். 10 நிமிட நடை இருந்தால் 600 கிடைக்கும், அப்போது பேசலாம்.

சிம்பிள் ஸ்பைக்கும் காம்ப்ளெக்ஸ் ஸ்பைக்கும் எதிரெதிர்க் கட்டத்தில் வருகின்றன என்று எழுதும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு காம்ப்ளெக்ஸ் ஸ்பைக்குக்குப் பிறகும் சிம்பிள் ஸ்பைக் சிறிது நேரம் நிற்கும் என்று 4-ஆம் படியில் பார்த்தோம். அந்த நிறுத்தமே எதிர்க்கட்டம்போல் தோன்ற வைக்கும். காம்ப்ளெக்ஸ் ஸ்பைக் வராத காலடிகளை மட்டும் எடுத்து சிம்பிள் ஸ்பைக்கை மீண்டும் வரையுங்கள். பள்ளம் அப்போதும் இருந்தால் எழுதுங்கள்.

11. கடைசியாகக் கைவையுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் பொருத்தம் பார்ப்பது. செல் மாறினால் காலடி மாறுமா என்று கேட்க, ஒளியால் தூண்டக்கூடிய பர்க்கின்ஜி செல்கள் உள்ள சுண்டெலி வேண்டும். ஒளியைக் கண்டபடி பாய்ச்சாமல், கேமரா நேரலையில் கொடுக்கும் பாதத்தின் இடத்தை வைத்து, குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் பாய்ச்சுங்கள். ஊன்றலில் ஒரு தொகுதி, வீச்சில் ஒரு தொகுதி, ஒளியே இல்லாமல் ஒரு தொகுதி, மூன்றையும் கலந்து.

ஒளி நின்ற பிறகு என்ன நடக்கிறது என்பதையும் அளந்து வையுங்கள். ஒளி இருக்கும்போது உட்கரு செல்கள் அடங்கிக் கிடக்கும், நின்றதும் எகிறிச் சுடும். பாதம் உதறுவது ஒளி எரியும்போதா, அணைந்த பிறகா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். அணைந்த பிறகுதான் என்றால், "பர்க்கின்ஜி செல்லைத் தூண்டினால் கால் உதறுகிறது" என்ற வரியை அழித்துவிட்டுத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.